ஒண்ணேகால் மணி ஆட்டம்

நிலநடுக்கம் வந்தா பீப்புனு கத்துற மாதிரி ஒரு ப்ரோக்ராம் எழுதுறீங்க. அது டெய்லி மத்தியானம் ஒண்ணேகாலுக்கு பதிவாவுற ஆட்டத்துக்கு, ஸ்கூல் மணி மாதிரி கரெக்டா கத்துது. நீங்க இன்னா பண்ணுவீங்க?

நான் பண்ணத சொல்றேன். இந்த தொண்ணூத்தி ஒண்ணுல ஃபிசிக்ஸ் முடிச்சவனுக்கு எவன் வேலை தர்றான்? சும்மா சுத்திக்கினு இருந்தேன். காலேஜ் சார் கூப்ட்டு, "ஒரகடம் பக்கத்துல ஒரு வூட்ல நிலநடுக்க மெஷின் வெச்சிருக்கோம், போய் பாத்துக்கோ"ன்னாரு. மெட்ராஸ்ல வெச்சா பஸ்ஸு லாரின்னு ஒரே ஆட்டமாம், இங்க அமைதியாம். அமைதி! பின்னாடியே கல் குவாரி.

வேலை சிம்பிள். மெஷின் நாள் பூரா ஃப்ளாப்பில எழுதும். காலைல அத உருவி கம்ப்யூட்டர்ல போடணும். என் ப்ரோக்ராம் ஒவ்வொரு செகண்டு ஆட்டத்தையும், அதுக்கு முந்தின அரை நிமிஷத்தோட ஒப்பிட்டு பாக்கும். திடீர்னு பெருசாச்சுன்னா பீப். அந்த துண்ட மட்டும் ஹார்ட் டிஸ்க்ல எடுத்து வெச்சிக்கும். மிச்சத்த அழிச்சிட்டு, அதோட முறை வரும்போது அதே ஃப்ளாப்பிய திரும்ப மெஷின்ல சொருகணும். மொத்தமே மூணு ஃப்ளாப்பி தான், அப்டி ஒரு பஞ்சம்.

டெய்லி ஒண்ணேகாலுக்கு குவாரில பாறைக்கு வெடி வெப்பாங்க, டிஸ்க் பூரா அதுவா ரொம்புச்சு. சார் வந்து பாத்துட்டு, "இந்த குப்பையெல்லாம் எதுக்குடா?"ன்னாரு. அதுவரைக்கும் சேத்தத மொத்தமா அழிச்சேன். ப்ரோக்ராம்ல ஒரு வரி சேத்தேன்: ஒரு மணிலேர்ந்து ஒன்றரை வரைக்கும் எது ஆடினாலும் கண்டுக்காத. அவ்ளோதான், பீப் நின்னுச்சு. காலர தூக்கி வுட்டுக்கினேன்.

மெஷின் இருக்குறது வூட்டுக்கார அக்காவோட பின் ரூம்ல, நெல்லு மூட்டைக்கு நடுவுல. வந்த புதுசுல, "இது இன்னா எழுதும் தம்பி?"ன்னு கேட்டாங்க. "எறும்பு நடந்தாக்கூட எழுதும்க்கா"ன்னு பீலா வுட்டேன்.

போன செவ்வாக்கெழம வெடி கொஞ்சம் ஓவர். நான் பிரிண்டருக்கு ரிப்பன் வாங்க ஸ்ரீபெரும்புதூர் போயிருந்தேன். வந்து பாத்தா சமையக்கட்டு செவுரு பரண்லேர்ந்து வாசப்படி வரைக்கும் பொளந்துக்கினு நிக்குது. விரல் உள்ள போவுது. குவாரி மேனேஜர் வந்தான். "பழைய செவுருமா, மழைல ஊறி வுட்டிருக்கும்"னுட்டு பைக்க கெளப்பினு போய்ட்டான். அக்கா தாலுக்கா ஆபீஸ்ல மனு குடுத்தாங்க. வர்ற புதன்கெழம விசாரணை, வெடியால தான்னு ஆதாரம் இருந்தா எடுத்துனு வான்னாங்களாம்.

வெள்ளிக்கெழம அக்கா என் ரூம் வாசல்ல வந்து நின்னாங்க, சிரிச்சிக்கினே.

"தம்பி, அன்னிக்கு ஆடினத பேப்பர்ல அடிச்சி குடு. எறும்பையே எழுதும்னியே, இது ஆனையாச்சே."

இருக்காதுன்னு தெரிஞ்சே தேடினேன். செவ்வாக்கெழம லிஸ்ட்ல ஒண்ணுமே இல்ல. அந்த ஃப்ளாப்பிய புதன்கெழம காலைல பழக்கத்துல நானே அழிச்சிட்டேன், இப்ப அது மேல வெள்ளிக்கெழமய எழுதிக்கினு இருக்கு மெஷின்.

"அக்கா... அந்த நேரத்த வேணாம்னு நான்தான் எழுதி வெச்சேன்."

"ஏன்?"

"டெய்லி வர்றது தானேன்னு."

அக்கா சமையக்கட்டு பக்கம் கைய காட்டினாங்க. "டெய்லி வர்றதால தானே தம்பி செவுரு வுட்டுச்சு."

நாலு வார்த்த திட்டியிருந்தா தேவல. "சரி, சோறு ஆறுது, வந்து துன்னு"ன்னுட்டு போய்ட்டாங்க. அந்த பொளந்த செவுத்துக்கு பக்கத்துல ஒக்காந்துதான் துன்னேன்.

அன்னிக்கே அந்த வரிய தூக்கிட்டேன். ஒரே ஒரு வெடி மாட்டினா போதும், குவாரி இந்த வூட்ட எவ்ளோ ஆட்டுதுன்னு பேப்பர்ல காட்டிடலாம். சனிக்கெழம கம்ப்யூட்டரையும் பின் ரூமுக்கு தூக்கினு போய், மெஷின்ல ஆட்டம் காட்டுற முள்ளு முன்னாடி ஒக்காந்தேன். வெடி இல்ல. ஞாயித்துக்கெழம குவாரி லீவு. நேத்து லாரி போச்சு, கல்லு ஒடைக்கிற மெஷின் ஓடுச்சு, வெடி மட்டும் இல்ல. மேனேஜருக்கும் புதன்கெழம விசாரணைன்னு தெரியும்ல. அக்கா ரெண்டு தடவ எட்டிப் பாத்துட்டு போனாங்க. முதுகு வுட்டுப்போச்சு, கண்ணு எரியுது, தூங்கிடுவேனோன்னு தான் இத டைப் அடிச்சிக்கினு இருக்கேன்.

இன்னிக்கு செவ்வாக்கெழம, விடிஞ்சா விசாரணை. மணி ஒண்ணு இருபத்தஞ்சு. மெஷின்ல முள்ளு ஆடல.