விறைக்கிற கால்

நான் இரவு வேலைக்காரன், பகலில்தான் தூக்கம். வெளிநாட்டில், ஏவன்டேல் என்ற புறநகரில் வீடு. ஒரு நாள் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். கட்டிலில் என் வலது காலில் யாருடையதோ ஒரு பாதம் முட்டியது. இறைச்சிக் கடைக் குளிர்ப்பெட்டிக்குள் கை விட்டதுபோல ஒரு குளிர். உதறி எழுந்து போர்வையை இழுத்தேன். வேறு யாருமில்லை. அது என்னுடைய இடது பாதம்.

அதற்கு முன்பே, ரயில் நிலையத்துக்கு நடந்தால் இடது கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும். நின்றால் விடும். நடந்தால் திரும்பவும் பிடிக்கும். வயதாகிறது என்று விட்டிருந்தேன். நீரிழிவும் சிகரெட்டும் இருந்தன, ஒளிக்க ஒன்றுமில்லை.

டொக்டரிடம் போனேன். வேலைக்குப் போதுமான இங்கிலிஷ் என்னிடம் உண்டு, உடம்பு வருத்தத்தைச் சொல்ல அது காணாது. அவர் டெலிபோனில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார். தமிழ்நாட்டுக்காரர். கால் விறைக்குது என்றேன். எங்கள் யாழ்ப்பாணத்தில் அதற்கு உணர்ச்சி கெட்டுப்போகிறது என்று அர்த்தம். அவருக்கோ விறைப்பு என்றால் கட்டைபோல மடக்க முடியாமல் இருப்பது. அப்படியே சொல்லிவிட்டார். டொக்டர் முழங்காலை அமுக்கிப் பார்த்து, மூட்டுத் தேய்மானம் என்று வலி மாத்திரை எழுதினார். சொக்ஸைக் கழற்றச் சொல்லவில்லை. அதை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தேன். காலில் மயிர் உதிர்ந்து, தோல் பொம்மைத் தோல்போல மினுங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையில் நடக்கும்போது, முன்பின் தெரியாத ஒரு பெண் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் வந்தாள். அவள் கையில் என் இடது கால் செருப்பு. அது எங்கே கழன்றது என்று எனக்குத் தெரியாது. என் கால்விரலில் கண்ணாடித் துண்டொன்று குத்தி நின்றது. வலிக்கவே இல்லை.

புண் ஆறவில்லை, விரல் கறுத்தது. ஆஸ்பத்திரியில், முழங்காலுக்குக் கீழே காலை வெட்டி எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள். அங்கேயும் டெலிபோனில் தமிழ்நாட்டுக் குரல்தான், இந்த முறை ஒரு பெண். நானும் அதே சொல்லைத்தான் சொன்னேன். அவள் உடனே மொழிபெயர்க்கவில்லை.

"அண்ணா, விறைக்குதுன்னா மடக்க முடியலையா, தொட்டா தெரியலையா?"

"தொட்டாத் தெரியேல்லை, தங்கச்சி. அது என்ர கால் மாதிரியே இல்லை."

அவள் அதைச் சொன்னதும் ஆஸ்பத்திரி டொக்டர் எழுதுவதை நிறுத்தினார். இரண்டு பாதங்களையும் தொட்டுப் பார்த்தார். பிறகு பசை பூசி ஒரு சின்னக் கருவியை வைத்தார். வலது காலில் இரத்தம் ஓடுகிற சத்தம், நாய் மூச்சு வாங்குவதுபோல. இடது காலில் வெறும் இரைச்சல். நகர்த்தி நகர்த்தித் தேடினார். என்னில் ஒரு துண்டு எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

இதயத்தில் அடைக்கிறதுபோலக் காலிலும் இரத்தக் குழாய் அடைக்குமாம். எனக்கு என்ன முக்கியம் என்று அவர் கேட்டார். இந்த நாட்டில் ஒரு டொக்டர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நடந்து வேலைக்குப் போகவேண்டும் என்றேன். அப்படியென்றால் முதலில் குழாயைத் திறந்து பார்ப்போம் என்றார். திறந்தார்கள். விரல் போனது, கால் மிஞ்சியது.

இப்போது கோயிலில் பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது எல்லாரையும் சொக்ஸைக் கழற்றச் சொல்கிறேன். நான் வந்தால் சொக்ஸையும் சப்பாத்தையும் ஒளிக்கச் சொல்லிப் பகிடி பண்ணுகிறார்கள். அதிகம் சிரிக்கிறவர், கார் நிறுத்துமிடத்தில் நின்று நின்று நடக்கிற ஒரு நீரிழிவுக்காரர். போன ஞாயிறு, என் தொல்லை தாங்காமல் ஒரு காலின் சொக்ஸைக் கழற்றிப் பாதத்தை நீட்டிவிட்டு, மற்றவர்களோடு கதைக்கத் திரும்பினார்.

அந்தப் பாதத்தில் புறங்கையை வைத்தேன். கட்டிலில் முட்டிய அதே குளிர்.

"தெரியுதோ?" என்று கேட்டேன்.

அவர் திரும்பாமலே சொன்னார்: "முதல்ல தொடுமன் ஐசே, பிறகு கேளும்."