எலிக்குக் கிடைத்த சூடு

மலேசியாவில் ஜொகூர் பாருவுக்கு வந்த புதிதில், கீழ்வீட்டு மல்லிகா அக்கா காலையில் கேட்டார்: “தம்பி, பசியாறிட்டீங்களா?” “எனக்குப் பசியே இல்லக்கா” என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. இங்கே பசியாறுவதென்றால் காலைச் சாப்பாடு. அந்தக் கேள்வி நலம் விசாரிப்பு. எனக்கு அதுவும், இங்கே பேச்சின் முடிவில் ஒட்டிக்கொள்ளும் ‘லா’வும் விளங்கச் சில நாளாயிற்று. மாடியறையை எனக்கு வாடகைக்கு விட்டவர்கள் அவரும் அவர் கணவர் சுப்ரா அண்ணனும். அண்ணன் பஸ் ஓட்டுகிறார். அக்கா தினமும் பாலம் கடந்து சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார், ஈரலில் புற்று என்று தெரியும்வரை.

நான் திருநெல்வேலியிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்தவன். “எம் புள்ள கேன்சருக்கு மருந்து கண்டுபிடிக்கான்” என்று அம்மா ஊரில் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். நாங்கள் செய்வது தங்கம் பூசிய இரும்பு நானோ துகள்கள். ஊசியில் ஏற்றினால் போய்க் கட்டியில் சேரும்; ஸ்கேனில் கட்டியைக் காட்டும்; லேசர் ஒளி பட்டால் சூடேறிக் கட்டியைச் சுடும். இதுவரை எலிகளுக்கு மட்டும்தான்.

இனிப் பயனில்லை, கீமோவை நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சொன்ன மறுநாள், அண்ணன் மாடியேறி வந்தார்.

“தம்பி, உங்க லேப்ல உள்ள மருந்து, அக்காவுக்குக் கொஞ்சம் போட முடியுமா? நாங்க கையெழுத்து போட்டுத் தர்றோம் லா.”

“மனுசங்களுக்கு இன்னும் போட்டுப் பாக்கலண்ணே. அந்த வெளிச்சம் தோலுக்குக் கீழ கொஞ்சந்தான் போகும். ஈரல் வரைக்கும் எட்டாது.”

“வெளிச்சம்தானே? பெரிய லைட்டா வச்சா?”

பெரிய விளக்கு வைத்தால் முதலில் தோல்தான் வேகும் என்று எப்படிச் சொல்வது? அண்ணன் என் தோளைத் தட்டிவிட்டு இறங்கிப் போனார். தேறுதல் சொல்லவேண்டியவன் நான்.

அக்கா என்னிடம் ஒரே ஒரு முறைதான் கேட்டார், நாற்காலியில் சாய்ந்தபடி. “எலிக்குச் சரியாச்சா தம்பி?”

“ஆச்சுக்கா. கட்டி சுருங்கிடுச்சு.”

“கொடுத்து வச்ச எலி லா” என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி நிற்கவில்லை. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். என்னால் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான்.

அந்த மாதக் கடைசியில் அக்கா போய்விட்டார். ஓரமாக நின்ற என்னை அண்ணன் கூப்பிட்டார்: “அங்க என்ன நிக்கிறீங்க? வீட்டு ஆளுங்களோட வந்து நில்லுங்க.” அவர் மைத்துனர்களோடு சேர்ந்து நானும் பாடையைத் தூக்கினேன்.

சுடலையிலிருந்து திரும்பியதும் அம்மாவிடமிருந்து போன். சொன்னேன். “அடப் பாவமே. அவிய நமக்கு என்னல முறை? நமக்குத் தீட்டு உண்டா?” என்று கேட்டாள்.

கீழே வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். என் அறைக்கும் அந்த வாசலுக்கும் நடுவே, மாடிப்படியில், போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தேன். “சொல்லுல” என்றாள் அம்மா.