ராகுகாலம் கழிந்து போட்ட ஊசி

ஃப்ரிட்ஜில் தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அந்த ஊசி மருந்து இருந்தது. சோதனைக்குழாய்க் குழந்தைக்கு இதுதான் கடைசி முறை, இனி உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கியிருந்தார். என் கருமுட்டைகள் நான் பிறக்கும் முன்பே உருவாகி, பாதிப் பிரிவில் நின்றுபோனவை. சுற்றியிருக்கும் செல்கள்தான் ‘இப்போது வேண்டாம்’ என்று ஓயாமல் செய்தி அனுப்பி அவற்றை நிறுத்தி வைத்திருக்கின்றன. ஊசியில் வரும் புரதம் முட்டையிடம் நேரே பேசாது; அந்தச் செல்களிடம்தான் பேசும். அவை பிடியை விட்டதும் முட்டைக்குள் ஒரு புரதம் இன்னொன்றை எழுப்ப, நின்ற பிரிவு மறுபடி ஓடத் தொடங்கும். சீக்கிரம் எடுத்தால் முட்டை முதிர்ந்திருக்காது. பிந்தினால் தானே வெளியேறிக் கைக்குக் கிடைக்காது. அதனால்தான் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஊசி, செவ்வாய் விடிகாலையில் முட்டை எடுப்பது என்று முடிவானது.

கோட்டைக்குள் இருக்கும் எங்கள் அக்ரகாரத்து வீட்டில் இதைச் சொன்னதும் மாமியாரின் முகம் இறுகியது. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறுவரை ராகுகாலம்.

“ஆறு கழிஞ்சு போட்டாப் போறும். ஒரு மணிக்கூர்ல என்ன வந்துடப் போறது?”

என் கணவருக்குக் கழக்கூட்டம் ஐ.டி. பூங்காவில் சாஃப்ட்வேர் வேலை. படித்த மனுஷர், வாயைத் திறப்பார் என்று நம்பினேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும். ஊசி போட வந்த நர்ஸை உட்காரவைத்து அவரே காபி கொடுத்தார். “அம்மாக்கு ஒரு மனசமாதானம், அவ்வளவுதான்” என்றார். நான் தொண்டை வறளக் கத்தினேன். நர்ஸ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு கழிந்த பிறகுதான் ஊசி ஏறியது.

செவ்வாய் விடிகாலை ஆஸ்பத்திரியில், தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தேன். டாக்டர் குனிந்து மலையாளத்தில் கேட்டார். “இன்ஜெக்‌ஷன் அஞ்சு மணிக்குத் தன்னே எடுத்தது, அல்லே?”

“கரெக்ட் அஞ்சு மணி” என்றார் கணவர். கண்கூட இமைக்கவில்லை. முட்டை முதிராமல் போனால் பழி யார் தலையில் விழும் என்று எனக்குத் தெரியும்.

“இல்ல டாக்டர். ஆறு கழிஞ்சுதான் போட்டா. ராகுகாலம்னு காக்கவெச்சா.”

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். என்னை வராந்தா ஓரமாகத் தள்ளி நிறுத்தி, வேறொருத்தியை முதலில் உள்ளே கொண்டுபோனார்கள். கணவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஊசி பிந்திய நேரத்தை ஈடுகட்ட, ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் என்னை உள்ளே கொண்டுபோனார்கள்.

மயக்கம் தெளிந்தபோது டாக்டர் சிரித்தார். முட்டைகள் பெரும்பாலும் முதிர்ந்திருந்தன. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த மாமியார் என் நெற்றியில் விபூதி இட்டார். “பாத்தியா? ராகுகாலம் கழிஞ்சு போட்டதோட பலனாக்கும்.”

கரு நன்றாக வளர்ந்தால் வரும் ஞாயிறு காலையில் உள்ளே வைக்கலாம் என்றார் டாக்டர். நான் சரி என்பதற்குள் கணவர் ஃபோனில் பஞ்சாங்கத்தைத் திறந்திருந்தார்.

“அன்னிக்கு அஷ்டமியாச்சே” என்றார்.