டேப் வரிசையும் லோர்னாவின் இடது கையும்

கனடாவின் வின்னிபெக்கில் பள்ளிப் பிள்ளைகளைப் படம் எடுக்கும் நிறுவனம் ஒன்றில் லோர்னா ஹ்ரிட்சேய் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறாள். படம் எடுப்பது அவள் வேலை இல்லை, வந்த படங்களைப் பிரிப்பதுதான் வேலை. கண் திறந்திருக்கிறதா, சிரிப்பு சிரிப்பாக இருக்கிறதா அல்லது பல் டாக்டரிடம் வாயைத் திறந்த மாதிரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நல்லதை அச்சுக்கும், மூக்கு ஒழுகியதைத் திருத்தத்துக்கும், கண் மூடியதை மறுபடத்துக்கும் அனுப்ப வேண்டும். செப்டம்பர் நடுவில் ஆரம்பித்தால் நவம்பர் வரை இதே கதிதான். ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூறு முகம்.

இதற்கு என்ன பெரிய மூளை வேண்டும் என்று கேட்கிறவர்கள் ஒரு மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். இருபதாவது முகத்துக்கு மேல் எல்லாப் பிள்ளையும் ஒரே பிள்ளையாகத் தெரியும். லோர்னாவுக்கு அப்படித் தெரிந்ததில்லை. அவள் ஒவ்வொரு படத்தையும் பார்த்து ஏதாவது சொல்லுவாள். "யாருடா உனக்குத் தலை வாரிவிட்டது," என்பாள். "அம்மாகிட்ட சண்டை போட்டுட்டு வந்தியா," என்பாள். பத்தொன்பது வருஷத்தில் கண் மூடிய பிள்ளையின் படம் ஒன்றுகூட அவள் கை தாண்டி வீட்டுக்குப் போனதில்லை. அந்தப் பெருமையை அவள் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் பனிக்கட்டி மேல் கல் தள்ளி ஆடுகிற கர்லிங் கிளப்பில் இரண்டு பியர் உள்ளே போனால் சொல்லுவாள்.

அவளுடைய ரகசியம் இடது கை. கோப்புகளைப் பிரிக்க அவள் வைத்திருக்கிற மென்பொருளுக்குக் கிரானரி என்று பெயர். அதன் தலையில் நான்கு டேப், அதாவது பெயர் எழுதிய தலைப்புப் பட்டைகள், வரிசையாக நிற்கும். வந்தவை, அச்சு, திருத்தம், மறுபடம். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு டேப் விசையை ஒரு தட்டு தட்டினால் அச்சு, இரண்டு தட்டினால் திருத்தம், மூன்று தட்டினால் மறுபடம். படத்தைப் போட்டதும் கிரானரி தானே வந்தவைக்குத் திரும்பிவிடும். இதற்குக் கண் தேவைப்படவில்லை. கண் முகத்தின் மேலேயே இருக்கும், கை தன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருக்கும். அந்த டேப்களின் மேல் கண் போகக் கூடாது என்பதற்காகத் திரையின் மேல் ஓரத்தில் ஓர் ஒட்டுக்காகிதத்தை நீளமாக ஒட்டியும் வைத்திருந்தாள்.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை கிரானரி தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. புதிய பதிப்பில் டேப் விசை இடமிருந்து வலமாகப் போகாது. கடைசியாக எங்கே இருந்தோமோ அங்கே முதலில் போகும், அதற்கு முன் இருந்த இடத்துக்கு அடுத்துப் போகும். லோர்னாவுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் கதையே இல்லை. பெரும்பாலான படங்கள் அச்சுக்குப் போகிறவைதான், எனவே ஒரு தட்டு தட்டினால் பெரும்பாலும் அச்சுதான் வந்தது. அதனால் மாற்றம் அவள் கண்ணில் படவில்லை, அதுதான் வினை. ஒரு பிள்ளை கண்ணை மூடினால் போதும், அதற்கு அடுத்து வந்த நல்ல பிள்ளை மறுபடத்துக்குப் போனது. மூடிய கண்களில் சில அச்சுக்குப் போயின.

படங்கள் செவ்வாய்க்கிழமை பெற்றோர் பார்க்க இணையத்தில் ஏறின. புதன்கிழமை காலை செல்கர்க் ஊர்ப் பள்ளிச் செயலர் கூப்பிட்டார். இருபத்திரண்டு பிள்ளைகள் தூங்குகிறார்களாம். அழகாகச் சிரித்த பத்தொன்பது பேரை மறுபடியும் படம் எடுக்க வரச் சொல்லிக் கடிதம் போயிருக்கிறதாம். ஒரே ஒரு அம்மா மட்டும், என் பையன் எப்போதும் இப்படித்தான் இருப்பான், எட்டுப் பிரதி கொடுங்கள் என்று கேட்டாராம்.

மேலாளர் டென்னிஸுக்கு முப்பத்தைந்து வயது. கெட்டவன் இல்லை, ஆனால் கல்கரியில் இருக்கும் தலைமை அலுவலகத்தைக் கண்டால் அவனுக்கு நடுக்கம்.

"லோர்னா, திரையைப் பார்த்து வேலை செய்யக் கூடாதா?"

"திரையைத்தான்ப்பா பார்க்கறேன். பிள்ளைங்க திரையிலதானே இருக்காங்க."

"மேல பாருங்க. எந்த டேப்ல இருக்கோம்னு."

"மேல பார்த்தா முகம் போயிடும். முகத்தைப் பார்த்தா மேல போயிடும். எனக்கு ரெண்டே கண்ணுதான்."

டென்னிஸ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்தாலே நல்ல சேதி இல்லை என்று அர்த்தம். "கல்கரியில சொல்றாங்க, பிரிக்கற வேலைய அங்கயே பண்ணிக்கறோம்னு. நான் ஒரு வாரம் கேட்டிருக்கேன். அடுத்த செவ்வாய்க்கிழமை தொள்ளாயிரம் பிள்ளைங்க வர்றாங்க. அதுல ஒண்ணு தப்பா போச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. வேறு வேலை கிடைக்காது என்றில்லை. ஆனால் இருபத்திரண்டு ஜோடி மூடிய கண்களோடு வெளியே போவதா? மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த பெரோகிக் கொழுக்கட்டையை அப்படியே மூடி வைத்தாள்.

கிரானரிக்கு இணையத்தில் ஒரு மன்றம் உண்டு. தட்டினால் வேறு டேப்புக்குப் போகிறதே என்று அங்கே எழுதினாள். ஒஹையோக்காரர் ஒருவர், கண்ணைத் திறந்து வேலை செய்யுங்கள் அம்மா என்று பதில் போட்டார். இன்னொருவர் புது வரிசையைப் படம் வரைந்து இரண்டு பக்கம் விளக்கினார். ஹாலிஃபாக்ஸிலிருந்து ஒருவர் வந்து, இரண்டு வரிசையும் தப்பு, அகர வரிசைதான் சரி என்று சொல்ல, சண்டை அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. புது வரிசைக்கு ஏற்கெனவே ஓட்டெடுப்பு நடந்திருந்தது. நானூற்றுப் பன்னிரண்டுக்கு ஒன்பது. லோர்னா பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த தொலைபேசி எண்ணைப் பார்த்தாள். அது ஸ்டைன்பாக் எண். முக்கால் மணி நேரத் தொலைவு.

கிரானரியை எழுதுகிறவர் ஒரே ஒரு மனிதர், கோர்ட் ஃபேர். அறுபத்தாறு வயது. அவரே எடுத்தார்.

"உங்க கிரானரி என் பேரைக் கெடுத்துடுச்சு," என்றாள் லோர்னா. வணக்கத்தை அதற்குப் பிறகுதான் சொன்னாள். நடந்ததையும் சொன்னாள்.

"கேட்க வருத்தமா இருக்குங்க. ஆனா புது வரிசை நல்லது. ஜனங்க ரெண்டு ஃபோல்டருக்கு நடுவுலதான் போய்ப் போய் வர்றாங்க. ஒரே தட்டுல போன இடம் வந்துடுது. நானூத்திப் பன்னெண்டு பேர் கேட்டாங்க."

"ஒம்பது பேர் வேணாம்னாங்களே."

"ஒம்பது பேர்தானேங்க."

"பத்து. என்னையும் சேர்த்துக்கோங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்க சமையல்கட்டுல எத்தனை டிராயர்?"

"ஆறோ ஏழோ. எதுக்குக் கேக்கறீங்க?"

"கடைசியா திறந்த டிராயர் தானா மேல வந்து நின்னுக்கும்னு வைங்க. உங்க வீட்டம்மா என்ன பண்ணுவாங்க?"

"என்னை டிராயர்ல போட்டு மூடுவா," என்றார் கோர்ட். பிறகு சுதாரித்துக்கொண்டார். "டிராயர்ல பேர் எழுதலைங்க. டேப்ல எழுதியிருக்கு. பார்த்துப் போட வேண்டியதுதானே."

"நான் டேபைப் பார்க்கறதே இல்ல."

"அப்ப எதைப் பார்க்கறீங்க?"

"பிள்ளைங்கள."

"அப்படி யாரும் வேலை செய்யறதில்லைங்க."

"வந்து பாருங்க."

வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்குக் கண் டாக்டரைப் பார்க்க நகரத்துக்கு வர வேண்டியிருந்தது, அதனால் வந்தார். சட்டைப் பையில் ஒரு பொட்டலம் சூரியகாந்தி விதை. ஸ்டைன்பாக்காரர்களுக்கு அது இல்லாமல் யோசிக்க வராது. தோலைத் துப்ப டென்னிஸ் ஒரு காபி டம்ளரைக் கொடுத்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு போனான்.

கோர்ட் திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "இது என்ன?"

"ஒட்டுக்காகிதம். டேப் தெரிஞ்சா கண்ணு அங்க ஓடுது."

"போன குளிர்காலம் பூரா அந்த டேப்புக்குத்தாங்க வேலை செஞ்சேன். முனைய வளைச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிறம் கொடுத்து."

"நல்லாத்தான் இருந்திருக்கும்," என்றாள் லோர்னா, ஆறுதலாக.

அவர் பின்னால் உட்கார்ந்து நாற்பது நிமிஷம் பார்த்தார். இந்தப் புது வரிசையோடு மல்லுக்கட்டி அவளுக்கு அது மூன்றாவது நாள். கண் மூடிய பிள்ளை வந்த ஒவ்வொரு முறையும் அவள் முதுகு விறைப்பதை அவர் பார்த்தார். அடுத்த பிள்ளைக்கு ஒரு தட்டா, இரண்டு தட்டா என்று அவள் வாய்க்குள் எண்ணினாள். எண்ணுகிற நேரத்தில் பிள்ளைகளிடம் பேசவில்லை. அரை நாளில் இருநூற்றெண்பது முகம்தான் முடிந்திருந்தது.

"சரிங்க," என்றார் கடைசியில். "செட்டிங்ஸ்ல ஒரு கட்டம் வைக்கறேன். பழைய வரிசை வேணும்னா டிக் போட்டுக்கலாம்."

"டிக் போடாதவங்களுக்கு?"

"புதுசு."

"கட்டம் இருக்குன்னே தெரியாதவங்களுக்கு?"

"அவங்களுக்கும் புதுசுதான்."

"அப்ப எனக்கு மட்டும் தெரியும். மத்த ஒம்பது பேர் என்ன பாவம் செஞ்சாங்க?"

கோர்ட் ஐந்தாறு விதை மென்றார். "ஏற்கெனவே வச்சிருக்கறவங்களுக்குப் பழசையே விட்டுடறேன். புதுசா வாங்கறவங்களுக்குப் புது வரிசை."

"அவங்க எப்படியோ போகட்டும்," என்றாள் லோர்னா.

சொன்னபடி திங்கட்கிழமை சாயங்காலம் கிரானரியின் மாற்றிய பதிப்பு வந்தது. செவ்வாய்க்கிழமை காலை தொள்ளாயிரம் பிள்ளைகளும் திரையில் வந்து நின்றார்கள். லோர்னா ஒட்டுக்காகிதத்தைத் தடவி விட்டு உட்கார்ந்தாள். ஒரு தட்டு, அச்சு. ஒரு தட்டு, அச்சு. பதினோராவது பிள்ளை கண்ணை மூடியிருந்தது. மூன்று தட்டு, மறுபடம். பன்னிரண்டாவது, அழகான பெண் குழந்தை, தெற்றுப்பல். கை இரண்டு தட்டு தட்டியது.

லோர்னாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு தட்டினால் திருத்தம். அந்தக் குழந்தைக்குத் திருத்த ஒன்றும் இல்லை. கண் மூடினதுக்கு அடுத்த பிள்ளைக்கு ஒரு தட்டு கூட்டிப் போட வேண்டும் என்று நான்கே நாளில் கை கற்றுக்கொண்டிருந்தது. எந்தக் கைக்காக அவள் மன்றத்தில் எழுதினாளோ, எந்தக் கைக்காக ஒரு மனிதரை ஸ்டைன்பாக்கிலிருந்து வரவழைத்தாளோ, அந்தக் கை சத்தமில்லாமல் எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

ஒட்டுக்காகிதத்தைக் கிழித்தாள். முகத்தைப் பார்த்தாள், மேலே பார்த்தாள், போட்டாள். மறுபடி முகம், மறுபடி மேலே. வளைந்த முனைகளும் நிறங்களும் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தன. மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. இரண்டு மணிக்கு மேல் கை வழிக்கு வந்தது. மூன்று மணிக்கு ஒரு பையனிடம், "அந்தக் காலரை உள்ள தள்ளுடா," என்று சொன்னாள். சொன்ன பிறகுதான் பேசியிருக்கிறோம் என்பதே தெரிந்தது. ஐந்தே முக்காலுக்குத் தொள்ளாயிரமும் முடிந்தன.

டென்னிஸ் நூறு படத்தை அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்துப் பார்த்தான். இன்னொரு நூறும் பார்த்தான். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

"கல்கரிகிட்ட நான் பேசிக்கறேன்," என்றான். "வீட்டுக்குப் போங்க."

கோட்டை மாட்டும்போது தொலைபேசி அடித்தது. கோர்ட்.

"எப்படிங்க போச்சு? பழைய வரிசை சரியா வந்துச்சா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வேறு யாராவது என்றால் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். லோர்னாவுக்குப் பன்னிரண்டாவது குழந்தை கண்ணில் நின்றது. எல்லாவற்றையும் சொன்னாள்.

கோர்ட் குரலில் உற்சாகம் ஏறியது. "அப்ப நாலே நாள்ல உங்க கை புதுசுக்குப் பழகிடுச்சு. வரிசையில தப்பே இல்லைங்கறீங்க."

"வரிசையில தப்பில்லைங்க. சொல்லாம மாத்தினதுதான் தப்பு."

"புதுப்பிக்கறப்ப குறிப்பு வந்துச்சே. பதினேழாவது வரியில தெளிவா எழுதியிருந்தேன்."

"நான் படிச்சிருக்கலாம்," என்றாள் லோர்னா. "என் கைக்குப் படிக்கத் தெரியாதுங்க."

பிறகு கோர்ட், மற்ற ஒன்பது பேரின் பெயர் மன்றத்தில் இருக்கும் என்றும், வரிசை மறுபடி பழையபடி ஆகிவிட்டதை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவதாகவும் சொன்னார்.