சரிவில் குறுக்காக ஓட்டச் சொன்னேன்

லோடு ஆட்டோவிலிருந்து வண்டி இறங்கியபோது எனக்கே கை துறுதுறுத்தது. சிவப்பு நிறம், நான்கு குட்டை டயர், மேலே ஒரு இருக்கை, அடியில் சுழலும் கத்தி. உட்கார்ந்து ஓட்டிக்கொண்டே புல் வெட்டலாம்! வேளாண் பொறியியல் முடித்த என் மகள், சோலார் தகடு போட்டிருக்கும் நிலங்களில் புல் வெட்டும் வேலையை எடுத்துச் செய்யப்போகிறாள். அதற்காக வாங்கிய வண்டி. பழகிப் பார்க்க, பசுவந்தனைப் பக்கம் இருக்கும் எங்கள் புஞ்சைக்குக் கொண்டுவந்திருந்தாள். நான் கோவில்பட்டியில் ஹார்டுவேர் கடையைச் சாத்திவிட்டு வந்து நின்றேன்.

புஞ்சையின் மேற்குப் பாதி ஓடையை நோக்கிச் சரிந்து இறங்கும். ஐப்பசி மழைக்குக் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் நின்றது. முதலில் இருவருமாகக் கல் பொறுக்கினோம். கத்தியில் பட்டால் கல் தோட்டா மாதிரி தெறிக்குமாம்.

பக்கத்துப் புஞ்சைக்காரர் வரப்பில் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, ரெண்டு ஆட்டுக்குட்டிய அவுத்து விட்டா சும்மாவே மேஞ்சிருமே!”

“ஆட்டுக்குட்டி மேல உக்காந்து போக முடியாதுல்லா சித்தப்பா” என்றாள் மகள்.

சமதளத்தில் வண்டி பாய் விரித்த மாதிரி வெட்டிக்கொண்டே போனது. பச்சைப் புல் வாசம் மூக்கில் ஏறியது. நான் கைதட்டினேன் என்றால் நம்புவீர்களா? ஐம்பது வயதுக்காரன்!

அடுத்து சரிவு. அவள் வண்டியின் முகத்தை மேட்டை நோக்கித் திருப்பினாள். எனக்குப் பொறுக்கவில்லை. நாங்கள் மானாவாரிக்காரர்கள். சரிவுக்குக் குறுக்கேதான் உழுவோம். மேலிருந்து கீழாக உழுதால் சால் வழியே மழைத்தண்ணீரும் மண்ணும் ஓடைக்குப் போய்விடும். ஏர் பிடிக்காத எனக்கும் அது ரத்தத்தில் இருக்கிறது.

“ஏட்டி, குறுக்க ஓட்டு!”

“அப்பா, இது உழவு இல்ல. இந்த வண்டிய மேலயும் கீழயுமாத்தான் ஓட்டணும். குறுக்க போனா சாஞ்சிரும்.”

“சரிவுல எது ஓடுனாலும் குறுக்கதான். நான் சொல்லுதேன்லா.”

“அண்ணாச்சி சொல்லுறது சரிதான்” என்று வரப்பிலிருந்தும் குரல் வந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு திருப்பினாள். நான் ஓடைக்கரையில், அவளுக்கு நேர் கீழே நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

முந்தாநாள் பெய்த மழை. கரிசல் மேலே பொருக்குத் தட்டியிருந்தது; அடியில் களி. பாதி தூரம் போயிருப்பாள். கீழ்ப்பக்கத்து டயர் பொதுக்கென்று இறங்கியது. மேல்பக்கத்து டயர்கள் இரண்டும் அந்தரத்தில் சுற்றின. கத்தினேனா என்று தெரியவில்லை. மகள் மேட்டுப்பக்கமாகப் பாய்ந்து விழுந்தாள். வண்டி ஒருச்சாய்ந்து, புல்லை அழுத்திக்கொண்டு, என்னை நோக்கிச் சறுக்கி வந்து ஒரு உடைமரத்தில் மோதி நின்றது. மரத்துக்கும் எனக்கும் ஒரு எட்டு தூரம்.

கத்தி நின்றிருந்தது. இருக்கையை விட்டு ஆள் எழுந்தால் தானாக நின்றுவிடுமாம். அதைப் பிறகு அவள்தான் சொன்னாள். நான் தவழ்ந்து ஏறிப் போய் அவள் கை, கால், விரல் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். முழங்கையில் சிராய்ப்பு மட்டும்.

“இந்த வேலையே வேண்டாம்மா” என்றேன்.

“வண்டி மேல தப்பு இல்லப்பா. ஈரத்துல எறக்குனது என் தப்பு. நீங்க சொன்னதக் கேட்டது அதவிடப் பெரிய தப்பு. ஈரம் காயட்டும், மறுபடி ஓட்டுதேன். நீங்க வரணும்னா மேட்டுல நில்லுங்க. வாயத் தொறக்கக் கூடாது.”

ஐந்து நாள் நல்ல வெயில். அந்த ஐந்து நாளும் கடையில் ஆணி கேட்டவருக்குக் கீல் எடுத்துக் கொடுத்தேன். ஆறாம் நாள் மேட்டில் நின்றேன், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு. நேராக மேலே ஏறினாள். அதே தடத்தில் நேராகப் பின்பக்கமாகவே இறங்கினாள். சரிவில் எங்கேயும் திருப்பவில்லை. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் என் நெஞ்சு அடித்துக்கொண்டது. பாதிக்கு மேல் அது பயமா சந்தோஷமா என்று எனக்கே தெரியவில்லை. கடைசிப் பட்டையை வெட்டி முடித்து என் முன்னால் வந்து நிறுத்தினாள்.

“ஏறுதீங்களா?”

“சமதளத்துல மட்டும்” என்று ஏறி உட்கார்ந்தேன்.