கடைசி வாங்கிலிருந்து ஒரு கேள்வி

செய்தி வந்தபோது கட்டுக்கரை வாய்க்காலடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றேன். வங்காலையிலிருந்து எங்கள் கணித ஆசிரியர் போனில் பேசினார். "மெற்றில்டா ரீச்சர் மோசம் போயிட்டா, சேர். நெஞ்சு நோகுதெண்டு சொன்னவவாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதல் முடிஞ்சுது." ஓம் என்றேன். பிறகு கடைக்குப் போய்க் கரும்பலகைக்கு ஒரு சோக்குப் பெட்டி வாங்கினேன். வாங்கிவரும்படி காலையில் ரீச்சர்தான் சொல்லியிருந்தார். அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை.

எங்கள் ரியூசன் கொட்டிலில் அவர் விஞ்ஞானம், நான் வரலாறு. சனிக்கிழமைக் கேள்வி நேரத்தை அங்கே படித்த நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சாதாரண தரப் பிள்ளைகள் எந்தப் பாடத்திலும் கேட்கலாம். ஆனால் அந்தப் பாடத்து ஆசிரியர் வாய் திறக்கக் கூடாது, வேறொருவர்தான் விளக்க வேண்டும். அது ரீச்சர் போட்ட சட்டம். "வரலாற்றுச் சேருக்கே விளங்கினா பிள்ளையளுக்கு விளங்காதோ?" என்பார். என்னை வாருவதில் அவருக்குத் தனிச் சந்தோசம்.

கடல்நீரில் ஏன் சுலபமாக மிதக்கிறோம் என்று ஒருமுறை ஒரு பிள்ளை கேட்டாள். உப்பு தூக்கிவிடுகிறது என்று சொல்லித் தப்பப் பார்த்தேன். கடைசி வாங்கில் பிள்ளைகளோடு நெருக்கிக்கொண்டு இருந்த ரீச்சர் கையை உயர்த்தினார். "சேர், எனக்கு விளங்கேல்லை. திரும்பச் சொல்லுங்கோ." விடாமல் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். ஒரு கட்டத்தில் எனக்கே விளங்கிவிட்டது. விளங்காததைச் சொல்ல வெட்கப்பட்ட பிள்ளைகளும் அதன்பிறகு கையை உயர்த்தத் தொடங்கினார்கள்.

அடக்கம் முடிந்து வந்த சனிக்கிழமை, கேள்வி நேரத்தை இதோடு விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பரீட்சை கிட்டவந்துவிட்டது, பாடம் முடிந்தும் பிள்ளைகள் எழும்பாமல் இருந்தார்கள். விடத்தல்தீவிலிருந்து பஸ்ஸில் வரும் டிலானி கேட்டாள். "சேர், நல்லா இருந்த ஆளுக்கு இதயம் என்னெண்டு நிக்கும்?"

விஞ்ஞானக் கேள்வி. சட்டப்படி நான் சொல்லலாம். இதயத்துக்கும் இரத்தம் வேண்டும், அதைக் கொண்டுபோகும் குழாய் அடைபட்டால் தசை வேலை செய்யாது என்று, வாங்கி வந்த சோக்கால் படம் கீறிச் சொன்னேன். பிழை ஒன்றும் இல்லை. பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்.

எழுதி முடித்தும் ஒருவரும் கை உயர்த்தவில்லை. நான் போய்க் கடைசி வாங்கில் இருந்தேன். ரீச்சரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த ஒரு வசனம்தான். கையை உயர்த்தி அதைச் சொன்னேன்.

"எனக்கு விளங்கேல்லை."

டிலானி எழும்பிப் போய்ச் சோக்கை எடுத்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.