கொல்லிமலையில் அக்கா ஏறிய ராட்டினம்

ஆடி பதினாறு, காலை. எங்கள் ராசிபுரத்திலிருந்து முள்ளுக்குறிச்சி சுமார் பத்து மைல். யுத்த காலமாதலால் பஸ்கள் கரிவாயுவில் ஓடின. பாதி வழியில் நின்றும் போயின. ஒன்றே கால் ரூபாய்க்கு மாட்டு வண்டி பேசிக்கொண்டு நானும் என் அக்கா பழனியம்மாளும் புறப்பட்டோம். நான் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகியிருந்தது. அக்காவுக்கு அறுபத்தைந்து இருக்கும். பதினொரு வயதில் கல்யாணமாகி, புருஷன் வீட்டுக்குப் போகுமுன்பே வெள்ளைச் சேலை கட்டி, அன்று முதல் எங்களோடே இருப்பவள். ஆடிப் பதினெட்டுக்குக் கொல்லிமலை அறப்பளீசுவரரைக் கும்பிட வேண்டும் என்று அவளாக வாய் திறந்து கேட்டதில் எங்கள் வீடே திகைத்தது.

மலையடிவாரமான முள்ளுக்குறிச்சியில், ஆளைச் சுமந்து மலையேற்றும் டோலிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அக்கா மறுத்துவிட்டாள். இரவு அடிவாரத்திலேயே தங்கி, விடியுமுன் ஏறத் தொடங்கினோம். பாதை சில இடங்களில் சுவர்போல் நிமிர்ந்து நிற்கிறது. பத்து அடிக்கு ஒருமுறை நின்றது நான்தான். அக்கா முன்னே போய்க் காத்திருந்தாள். மிளகுக்கொடி சுற்றிய மரங்கள் தென்படும் உயரத்தில் காற்று சட்டென்று குளிர்ந்துவிடுகிறது.

பதினேழாம் தேதி மாலை. மலைமேல் வாழவந்தி நாட்டில் ஒரு விவசாயி வீட்டில் இடம் கொடுத்தார்கள். சாமைச் சோறும் அவரைக் குழம்பும். வீட்டுக்காரி சின்னப்பொண்ணுக்கு அக்காவின் வயதே இருக்கும். முதல் புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததையும், மறு வருஷமே இவரைக் கட்டிக்கொண்டதையும் குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள். மலையில் அது வழக்கம். அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்திருந்தாள்.

பதினெட்டு, காலை. சின்னப்பொண்ணும் எங்களோடு கோயிலுக்கு வந்தாள். தரிசனம் முடித்து வெளியே வந்தால் கடைகளும் கூட்டமும். மைதானத்தின் ஓரத்தில் நான்கு தொட்டில் கட்டிய மர ராட்டினம். அப்போதுதான் பூட்டி முடித்திருந்தார்கள். அக்கா நேரே அங்கே போய், ஏற வேண்டும் என்றாள். நான் வேடிக்கைப் பேச்சு என்றே நினைத்தேன்.

ராட்டினக்காரர் ராசிபுரம் பக்கத்து ஆள். அவர் அக்காவின் சேலையைப் பார்த்துவிட்டு என்னிடம் தணிந்த குரலில், “தப்பா நினைச்சுக்காதீங்க. இன்னும் போணி ஆகலீங்க,” என்றார்.

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. போய்விடலாம் என்று அக்காவை அழைத்தேன். அவள் அசையவில்லை.

“போணி ஆகட்டும். நான் நிக்கறேன்,” என்றாள்.

வெயில் ஏறியது. மலைக்காரப் பெண்கள் கூச்சலும் சிரிப்புமாக ஏறி இறங்கினார்கள். இந்த வயதில் இது எதற்கு என்று கேட்டேன். ராட்டினத்தைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள். கல்யாணமான வருஷம் ஒரு சந்தையில் அவளையும் மாப்பிள்ளைப் பையனையும் ஒரே தொட்டிலில் ஏற்றிவிட்டார்களாம். தொட்டில் கீழே இறங்கும்போது அவன் பயந்து அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டானாம். பிறகு அவனை அவள் பார்க்கவேயில்லை.

“அவர் மூஞ்சி மறந்துபோச்சு தம்பி. கை மட்டுந்தான் ஞாபகத்துல இருக்குது. ஏறிப் பாத்தா மூஞ்சியும் வருமோன்னு ஒரு நெனப்பு. ஊருல ஏறினாப் பேசுவாங்க. இங்க என்னை யாருக்குத் தெரியும்?”

ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒரே கூரையின்கீழ் இருந்தும், அத்தானைப் பற்றி அவள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ராட்டினக்காரர் கடைசியில் தலையசைத்தார். காலணா கொடுத்தேன். சின்னப்பொண்ணு யாரையும் கேட்காமல் அக்காவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வருஷா வருஷம் ஏறுகிறவளாம்.

“மேல போறப்ப ஒண்ணுமில்லக்கா. எறங்கறப்பத்தான் உசுரு இருக்கறது தெரியும்,” என்றாள்.

இரண்டு ஆட்கள் கையால் தள்ளினார்கள். மரம் கிறீச்சிட்டது. தொட்டில் உச்சிக்குப் போனபோது அக்காவின் முக்காடு நழுவி, நரைத்த தலை வெயிலில் தெரிந்தது. அதை இழுத்துவிட அவள் கையை எடுக்கவில்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தாள். முதல் இறக்கத்தில் கண்ணை மூடியிருந்தாள். இரண்டாவதில் திறந்திருந்தாள். மூன்றாவதில் அவளிடமிருந்து ஒரு கூவல் எழுந்தது. அக்காவுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது.

ராட்டினம் நின்றதும் இறங்கினாள். தரையில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினாள். அத்தான் முகம் வந்ததா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை. வாழவந்தியில் விடைபெற்றபோது சின்னப்பொண்ணு ஒரு பொட்டலம் மிளகை அக்காவின் மடியில் கட்டிவிட்டாள். இறக்கத்தில் முழங்கால்தான் நோகும். பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்தோம். கீழே ராசிபுரம் பக்கத்து வயல்கள் புகைமூட்டத்தில் கிடந்தன.

“அவர் வரலை,” என்றாள் அக்கா, நான் கேட்காமலே. “மூஞ்சியும் வரலை, கையும் வரலை. எறங்கறப்ப அடிவயிறு சில்லுங்குது; நான் மட்டுந்தான் இருந்தேன். அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு.”

எங்கள் ஊரில் ஐப்பசியில் மாரியம்மன் திருவிழா. இதைவிடப் பெரிய ராட்டினமே வரும். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அதற்கு மலை ஏற வேண்டியதில்லை. ஆனால் அங்கே எல்லாருக்கும் அவளைத் தெரியும். அக்காவும் அதையே நினைத்திருக்க வேண்டும்.

“ஐப்பசியில நம்மூருலயே ஏறிக்கலாம்னு இருக்கறேன். நீ பக்கத்துல நிப்பியா கண்ணு?” என்றாள்.

நிற்கிறேன் என்றேன். உடனே சொல்லவில்லை. பாறையை விட்டு எழுந்து, இரண்டு வளைவு இறங்கிய பிறகு சொன்னேன்.